பெரட்டுக்கு வராத சிப்

கேள்வி: மாஸ்டர், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் மின்வேலை பார்க்கிறேன். கொழுந்து வாட்டும் தட்டுக்கு அடியில் எஸ்எச்டி31 ஈரப்பத சென்சர் ஒன்றைப் பொருத்தி அர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையோடு இணைத்தேன். புரோகிராம் நானே எழுதியது. மேசையில் அழகாக வேலை செய்தது. ஸ்டோரில் 6 மீற்றர் வயர் இழுத்த பிறகு பகலில் 70, 75 என்று காட்டுகிறது. மாலையில் ஃபேன் போட்டதும் 100. டீமேக்கர் ஐயா, "பனி இறங்குதுல்ல, அப்படித்தான் காட்டும்" என்கிறார். சில நாள் எல்லாமே உறைந்து நின்றுவிடும். பவரை நிறுத்திப் போட்டால்தான் உயிர் வரும். சென்சர் பழுதா?
- வாசகர், பொகவந்தலாவை

பதில்: தம்பி, டீமேக்கர் ஐயாவைக் குறை சொல்ல மாட்டேன். இதே 100ஐ மன்னாரில் காட்டியிருந்தால் அன்றைக்கே யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். நம் ஊரில் மாலை நேரத்து 100ஐ யார் கேள்வி கேட்பது?

ஒரு வேலை செய்யுங்கள். ஈரப்பதத்தோடு வெப்பநிலையையும் திரையில் காட்டுங்கள். இன்று மாலை ஃபேன் ஓடும்போது அது 130 பாகை என்று காட்டும் என்பது என் ஊகம். 130 பாகையில் வாட்டினால் அது கொழுந்து இல்லை, கரி.

கணக்கு இதுதான். இந்த சிப் வெப்பநிலையை 0 முதல் 65535 வரையான ஓர் எண்ணாகத் தருகிறது. அதை 65535ஆல் வகுத்து, 175ஆல் பெருக்கி, 45ஐக் கழிக்க வேண்டும். ஈரப்பதத்துக்கு வகுத்து 100ஆல் பெருக்கினால் போதும். சிப்பிடமிருந்து பதிலே வராதபோது, அர்டுயினோவில் சிப்புகளோடு பேச உதவும் ஆயத்தப் புரோகிராமான "வயர்" (Wire) நூலகத்தின் ரீட் கட்டளை கழித்தல் 1ஐத் திருப்பித் தரும். அதை நீங்கள் ஒரு பைட் மாறியில் போட்டால் 255 ஆகிவிடும். இரண்டு 255 சேர்ந்தால் 65535. வெப்பம் 130, ஈரப்பதம் 100. ஆக, உங்கள் திரையில் தெரிந்தது பனியும் இல்லை, ஈரமும் இல்லை. சிப் வாயே திறக்கவில்லை என்பதுதான் அந்த 100.

ஐ2சி என்பது சிப்புகள் இரண்டே கம்பியில் பேசிக்கொள்ளும் முறை: தரவுக்கு எஸ்டிஏ, துடிப்புக்கு எஸ்சிஎல். அதில் நடப்பது நம் தோட்டத்துப் பெரட்டு மாதிரி, காலையில் ஆள் கணக்கெடுப்பது. கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிடுவார், உரியவர் குரல் கொடுப்பார். இங்கே அர்டுயினோ 7 பிட் முகவரியைக் கூப்பிடுகிறது. உங்கள் சென்சருக்கு அது ஹெக்ஸ் (16ஐ அடியாகக் கொண்ட எண்முறை) 44. எழுதவா வாசிக்கவா என்று சொல்ல இன்னொரு பிட். அப்புறம் ஒன்பதாவது துடிப்பில் அர்டுயினோ எஸ்டிஏ கம்பியைக் கையை விட்டுவிடும். அந்த நேரத்தில் சிப் கம்பியைக் கீழே, 0 வோல்ட்டுக்கு, இழுத்தால் "ஆஜர்". இழுக்கவில்லை என்றால் ஆள் வரவில்லை. எழுதும்போது ஒவ்வொரு பைட்டுக்கும் இதே விசாரணை உண்டு.

பையன்கள் பலர் தவறவிடும் இடம் ஒன்று. பிகின் டிரான்ஸ்மிஷன், ரைட் இரண்டையும் கூப்பிடும்போது கம்பியில் ஒன்றுமே நடப்பதில்லை. எல்லாம் 32 பைட் கொள்ளும் ஒரு பெட்டிக்குள் போய்க் காத்திருக்கும். எண்ட் டிரான்ஸ்மிஷன் என்று சொன்ன பிறகுதான் பேச்சே தொடங்கும். பேச்சு எப்படி முடிந்தது என்பதை அது ஓர் எண்ணாகத் திருப்பித் தரும். 0 என்றால் சரி. 2 என்றால் முகவரிக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை. 3 என்றால் ஆள் வந்தார், ஆனால் நடுவில் ஒரு பைட்டை ஏற்கவில்லை. அந்த எண்ணை வாங்கி வைக்காமல் எண்ட் டிரான்ஸ்மிஷனை மட்டும் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவது, பெரட்டில் பெயர் கூப்பிட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வது போல. ரெக்வெஸ்ட் ஃப்ரமும் எத்தனை பைட் வந்தது என்று சொல்லும். நீங்கள் கேட்பது 6. அதற்குக் குறைவாக வந்தால் அந்த வாசிப்பைத் தூக்கிப் போடுங்கள்.

அந்த 6 பைட்டில் வெப்பத்துக்கு இரண்டு, ஈரத்துக்கு இரண்டு. மிச்சம் இரண்டும் சரிபார்ப்பு பைட், அதாவது தரவு கெடாமல் வந்ததா என்று பார்க்கத் தரவிலிருந்தே கணக்கிட்ட எண். இரண்டு 255க்கு உண்மையான சரிபார்ப்பு பைட் ஹெக்ஸ் ஏசி, அதாவது 172. உங்களுக்கு வந்திருப்பதோ அங்கேயும் 255. அதைப் பார்த்திருந்தாலே முதல் நாள் மாட்டியிருக்கும்.

சரி, குரல் ஏன் வரவில்லை? சென்சரில் குற்றமில்லை, வயரில்தான். இந்தக் கம்பிகளை யாரும் மேலே தள்ளுவதில்லை. கீழே இழுக்க மட்டும்தான் தெரியும். மேலே கொண்டுபோவது ஒரு ரெசிஸ்டர். வயர் நீளமானால் அதன் மின் கொள்ளளவு (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) கூடும். மீற்றருக்கு 50 முதல் 100 பிக்கோஃபரட் வரை போகும். மொத்தம் 400ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. நீங்கள் அந்த ஓரத்தில்தான் நிற்கிறீர்கள். சென்சர் பலகையில் 103 என்று அச்சிட்ட சின்ன ரெசிஸ்டர் இருந்தால் அது 10 கிலோ ஓம். 400 பிக்கோஃபரட்டோடு சேர்ந்தால் கம்பி மேலே ஏற 3 மைக்ரோ செக்கனுக்கு மேல் பிடிக்கும். 100 கிலோஹேர்ட்ஸ் வேகத்துக்கு விதி அனுமதிப்பது 1 மைக்ரோ செக்கன். பகலில் எப்படியோ ஏறி இறங்கிச் சமாளிக்கிறது. மாலையில் ஃபேன் மோட்டர் போடும் இரைச்சல் அந்தச் சோம்பேறிக் கம்பியில் விழுந்ததும் கதை முடிந்தது.

2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டிலிருந்தும் 5 வோல்ட்டுக்குப் போடுங்கள். வேகத்தை 50 கிலோஹேர்ட்ஸ் ஆக்குங்கள். நெட்வர்க் கேபிள் இழுத்திருந்தால் எஸ்டிஏவையும் எஸ்சிஎல்லையும் ஒரே முறுக்கில் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் துணையாக ஒரு கிரவுண்ட் கம்பி. உறைந்து நிற்பதற்குக் காரணம், பேச்சு நடுவில் குழம்பி, சிப் எஸ்டிஏவைக் கீழேயே பிடித்துக்கொண்டு நிற்பது. நூலகம் அது விடும்வரை காத்துக்கொண்டே இருக்கும். நேர வரம்பு தானாக இயங்காது. செட் வயர் டைம் அவுட் என்ற கட்டளையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பழைய பதிப்புகளில் அதுவும் இல்லை, புதியதை இறக்கிக்கொள்ளுங்கள். பிடித்த பிடியை விடாத சிப்புக்கு எஸ்சிஎல்லில் ஒன்பது துடிப்பு கொடுத்தால் பொதுவாக விட்டுவிடும்.

நானாக இருந்தால் இத்தனையும் செய்ய மாட்டேன். அர்டுயினோவைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, சென்சருக்கு அரை மீற்றர் வயர் விட்டு, அங்கிருந்து திரை வரைக்கும் ஆர்எஸ்485 என்ற நீண்ட தூரக் கம்பி முறையில் கொண்டுபோவேன். ஐ2சி ஒரு பெட்டிக்குள் பேசுவதற்குப் பிறந்தது. ஸ்டோர் முழுக்க நடந்து திரிய அல்ல.

கேள்வி: அண்ணே, 24சி02 மெமரி சிப்பின் விவரத்தாளில் முகவரி ஏ0 என்று இருக்கிறது. அர்டுயினோ உதாரணங்களில் 50 என்று போடுகிறார்கள். எது சரி? ஏ0 போட்டால் 2 என்ற பிழை வருகிறது.
- வாசகர், பண்டாரவளை

பதில்: பிழை எண்ணைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கும் வாசகர்! முதலில் அதற்கு நன்றி.

24சி02 எனக்குப் பழைய சிநேகிதன். ஹட்டனில் கடை வைத்திருந்த காலத்தில், சனல் எல்லாம் மறந்துபோன டிவிகள் வாரத்துக்கு ஒன்றிரண்டு வரும். திறந்தால் உள்ளே எட்டுக் கால் மெமரி ஐசி. அதில் மொத்தம் 256 பைட். அதிலிருந்து இரண்டு கோடுகள் பெரிய ஐசிக்கும் டியூனருக்கும் போகும். எஸ்டிஏ, எஸ்சிஎல் என்று சர்க்கிட் படத்தில் இருக்கும். புரோகிராம் என்ன, மண்ணாங்கட்டி என்ன, எதுவும் தெரியாது எனக்கு. மல்டிமீட்டர் வைத்தால் இரண்டும் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒன்று சுழியத்தில் கிடந்தால் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஐசியாகக் கழற்றிப் பார்த்துக் கள்ளனைப் பிடிப்போம். 1982இல் பிலிப்ஸ் கம்பெனி இந்த முறையைக் கொண்டுவந்ததே டிவி மாதிரிப் பெட்டிகளுக்குள் சிப்புகள் பேசிக்கொள்ளத்தான் என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் ஒரே முகவரி, இரண்டும் ஹெக்ஸ் எண்கள். ஏ0 என்பது எழுது/வாசி பிட்டையும் சேர்த்து எட்டு பிட்டாக எழுதியது. அந்தக் கடைசி பிட்டை வெட்டி மிச்சத்தை வலப்பக்கம் ஒரு படி தள்ளினால் 50. வயர் நூலகத்துக்கு ஏழு பிட் எண்தான் வேண்டும். எட்டாவதை அது தானே ஒட்டிக்கொள்ளும். ஏ0 கொடுத்தால் ஊனோவில் அது மறுபடி இடப்பக்கம் தள்ளப்பட்டு, மேல் பிட் விழுந்து, 20 என்ற வேறு வீட்டுக் கதவைத் தட்டும். உங்களிடம் 20இல் யாரும் இல்லை, அதனால் பிழை 2. ரிலே போன்றவற்றைப் போட உதவும் பிசிஎஃப்8574 சிப் ஒன்று அங்கே இருந்திருந்தால் அது "ஆஜர்" என்றிருக்கும். நீங்கள் மெமரியில் எழுதியதாக நினைத்துக்கொண்டு எங்கேயோ ஒரு ரிலேயைப் போட்டிருப்பீர்கள்.

இன்னொன்று. இந்த மெமரி ஒரு எழுத்தை உள்ளே பதித்து முடிக்க சில மில்லி செக்கன் எடுக்கும். அதுவரை கூப்பிட்டாலும் பதில் வராது. அது பழுது இல்லை. 0 வரும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிடுவதுதான் முறை.

கேள்வி: சேர், உயர்தரம் படிக்கிறேன். பிஎம்இ280 என்று சொல்லி ஒரு சென்சர் வாங்கினேன். அமுக்கம் 812 என்று காட்டுகிறது. வானிலை அறிக்கையில் 1010 என்கிறார்கள். ஈரப்பதம் வரவே இல்லை. போலிச் சாமானா?
- மாணவி, நுவரெலியா

பதில்: மகள், பாதி பயம் வேண்டாம், பாதி பயம் சரி.

812 ஹெக்டோபஸ்கால் சரியான வாசிப்பு. நீங்கள் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில். அங்கே தலைக்கு மேல் இருக்கும் காற்றே குறைவு, 810 அளவில்தான் காட்ட வேண்டும். ஹட்டனுக்குக் கொண்டுவந்தால் 870 பக்கம் காட்டும். வானிலை அறிக்கையில் வருவது கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டுச் சொல்வது. உங்கள் சென்சர் 1010 காட்டியிருந்தால்தான் அதைக் குப்பையில் போடச் சொல்லியிருப்பேன்.

ஈரப்பதத்துக்கு, சிப்பிடமே அதன் பெயரைக் கேளுங்கள். டி0 என்ற பதிவகத்தில் (சிப்புக்குள் ஓர் எண்ணை வைத்திருக்கும் இடம்) அதன் அடையாள எண் இருக்கிறது. முகவரி ஹெக்ஸ் 76 அல்லது 77. அந்த முகவரிக்கு டி0 என்று ஒரு பைட் எழுதி, எண்ட் டிரான்ஸ்மிஷனுக்குள் ஃபால்ஸ் என்று கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் பேச்சை முறிக்காமல் அடுத்த தொடக்கத்துக்குப் போகும். பிறகு ஒரு பைட் கேளுங்கள். ஹெக்ஸ் 60 வந்தால் பிஎம்இ280. 58 வந்தால் பிஎம்பி280, அதற்கு ஈரப்பதம் அளக்கவே தெரியாது. உங்களுக்கு 58தான் வரும் போலிருக்கிறது. எனக்கும் ஒருமுறை அப்படி விற்றிருக்கிறார்கள். கடைக்காரர் சத்தியம் செய்தார், சிப் 58 என்றது. நான் சிப்பை நம்பினேன், பணம் மட்டும் திரும்பி வரவில்லை.

அமுக்கக் கணக்கை நீங்களே எழுத முயலாதீர்கள். ஒவ்வொரு சிப்பிலும் தொழிற்சாலையில் பதித்த திருத்த எண்கள் ஹெக்ஸ் 88ஆம் பதிவகத்திலிருந்து 24 பைட் இருக்கின்றன. அவற்றை வாசித்துக் கூட்டிப் பெருக்குவது பெரிய வேலை. அதற்கு ஆயத்த நூலகம் நல்லது. பெயர் கேட்பதை மட்டும் சொந்தக் கையால் செய்து பழகுங்கள்.

கேள்வி: ஐ2சியா, எஸ்பிஐயா? ஒரு வரியில் சொல்லுங்கள்.
- வாசகர், மஸ்கெலியா

பதில்: சென்சருக்கு ஐ2சி, திரைக்கும் மெமரி கார்டுக்கும் எஸ்பிஐ.

எஸ்பிஐயும் சிப்புகள் பேசிக்கொள்ளும் இன்னொரு முறை. வேகம் வேண்டும் என்றால் எஸ்பிஐதான். ஆனால் அதில் பெரட்டே கிடையாது. முகவரி இல்லை, "ஆஜர்" இல்லை. ஒவ்வொரு சிப்புக்கும் தனி வயர் இழுத்து, தோளைத் தட்டி எழுப்புவது போல. சிப் கழன்று விழுந்திருந்தாலும் அர்டுயினோ பேசிக்கொண்டே இருக்கும், பதிலாக 0 அல்லது 255 வரும், பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு வரி தாண்டிவிட்டது, மன்னிக்கவும்.

கேள்வி: ஐயா, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் கரண்ட் போய் வந்தால் நேரம் தப்பாகிறது என்று டிஎஸ்3231 கடிகாரப் பலகை போட்டேன். ஒரு காணொளியில் சொன்னபடி கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். இப்போது கம்பியில் எந்த முகவரிகள் இருக்கின்றன என்று தேடும் ஐ2சி டிடெக்ட் கட்டளையை ஓடவிட்டால் 68 என்று வரவேண்டிய இடத்தில் யூயூ என்று வருகிறது. எரிந்துவிட்டதா? என் பைதன் புரோகிராமும் "பிஸி" என்கிறது.
- வாசகர், பதுளை

பதில்: எரியவில்லை. அந்த ஆள் ஏற்கனவே வேலைக்குப் போய்விட்டார், அதனால் பெரட்டில் பெயர் கூப்பிடவில்லை என்று அர்த்தம். நீங்கள் சேர்த்த வரி லினக்ஸ் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அந்த சிப்பை ஒப்படைத்துவிட்டது. இனி அது கெர்னலின் ஆள். உங்கள் பைதன் இடையில் புகுந்து பேச முடியாது. கட்டாயப்படுத்திப் பேச ஒரு வழி இருக்கிறது, செய்யாதீர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிவகங்களைத் தொட்டால் நேரம் குழம்பும். நேரம் வேண்டுமானால் எச்டபிள்யூ கிளாக் என்ற கட்டளையைக் கேளுங்கள், கெர்னல் உங்களுக்காகக் கேட்டுச் சொல்லும். அதே பலகையில் 57இல் ஒரு மெமரி சிப் தெரிகிறதா பாருங்கள். அதைக் கெர்னல் எடுத்துக்கொள்ளவில்லை, பைதனில் தாராளமாகப் பேசலாம்.

பலகைக்கு மின்சாரம் எந்தக் காலிலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. 1ஆம் காலிலிருந்து, 3.3 வோல்ட் எடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் பலகையில் உள்ள ரெசிஸ்டர்கள் எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் 5க்குத் தூக்கும், பையின் கால்கள் அதைத் தாங்காது. மலிவான பலகைகளில் பட்டரியை சார்ஜ் செய்யும் டயோட் ஒன்றும் இருக்கும். 5 வோல்ட்டில் அது சாதாரண சிஆர்2032 பட்டரியையும் சார்ஜ் செய்யப் பார்க்கும், பட்டரி உப்பும். ஏற்கனவே 5இல் போட்டிருந்தால் பட்டரியை ஒருமுறை கழற்றித் தொட்டுப் பாருங்கள்.