அமைதிப்படையும் ஐம்பது வண்டிகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

1994இல் துட்சி இன மக்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்ட ருவாண்டாவுக்கு அமைதிப்படை அனுப்ப அமெரிக்கா தயங்கியதைப் பற்றி ஒரு கூட்டத்தில் கடுமையாகப் பேசினீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அதற்கு ஆறு மாதம் முன்புதான் சோமாலியாவில் 18 அமெரிக்க வீரர்கள் செத்தார்கள், உடலைத் தெருவில் இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் எந்த அரசு இன்னொரு ஆப்பிரிக்க நாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும்? நமக்கும் அமைதிப்படை என்றாலே 1987 யாழ்ப்பாணம்தானே நினைவுக்கு வருகிறது? என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். அடுத்து தெற்கு சூடானில் ஐ.நா. பணிக்குப் போக வேண்டியிருக்கும் என்கிறான். அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. யார் வீட்டுச் சண்டைக்கோ நம் வீட்டுப் பிள்ளை ஏன் போக வேண்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். தம்பி இன்னும் கிளம்பவே இல்லை.

யாழ்ப்பாணத்தை இதில் கொண்டுவந்து போடாதீர்கள். அது ஐ.நா. படை அல்ல. இரண்டு அரசுகள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தின் பேரில் போன ராணுவம், போய்ச் சேர்ந்த சில மாதங்களில் சண்டையில் ஒரு தரப்பாகவே ஆகிவிட்டது. ஈழத்தை நினைப்பதானால் 2008 செப்டம்பரில் கிளிநொச்சியை விட்டு ஐ.நா. ஊழியர்கள் கிளம்பியதை நினையுங்கள். போகாதீர்கள் என்று சனங்கள் வாசலில் நின்று கேட்டார்கள். அதுதான் ருவாண்டாவுக்குப் பக்கத்தில் வரும்.

சரி, சோமாலியா. 18 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். உலகத்தில் எல்லோருக்கும் அந்த 18 தெரியும். 1993 ஜூன் 5ஆம் தேதி அதே சோமாலியாவின் தலைநகர் மொகதிஷுவில் ஒரே நாளில் 24 பாகிஸ்தான் வீரர்கள் கொல்லப்பட்டார்களே, தெரியுமா? தெரியாது. இத்தனை பேரைப் பறிகொடுத்த பாகிஸ்தான் மூட்டை கட்டிக்கொண்டு ஓடவில்லை, 1995 மார்ச்சில் ஐ.நா. பணி முடிகிறவரை இருந்தது. நம் இந்தியப் படையும் அங்கே இருந்தது, செத்தவர்களில் நம்மவர்களும் உண்டு. பிறகு ருவாண்டாவுக்கும் இந்தியா ஒரு பட்டாலியனை அனுப்பியது, கொலைகள் ஓய்ந்த பிறகுதான் என்றாலும். ‘எந்த அரசு அனுப்பும்’ என்று கேட்கிறீர்கள். அனுப்பிய அரசுகளின் பட்டியல் நீளம், அவை ஏழை நாடுகள் என்பதால் உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த 18 பேர் செத்த அக்டோபர் சண்டையில் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களைக் காப்பாற்றியது எது? மலேசியர்களின் கவச வண்டிகளும் பாகிஸ்தானின் டாங்கிகளும். அமெரிக்கர்களுக்குச் சொந்தமாக அங்கே கவச வண்டி இல்லை. அவர்களுடைய தளபதி முந்தைய மாதமே கேட்டிருந்தார், பாதுகாப்பு அமைச்சர் லெஸ் ஆஸ்பின் தரவில்லை. அந்தப் பழிக்குப் பிறகு அவர் பதவியில் நிலைக்கவில்லை. கவச வண்டி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அந்த வருடம் உலகத்தில் வேறு எவரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது வாஷிங்டனுக்குத்தான்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், என் கோபமே இந்த வண்டி விஷயத்தில்தான். அமெரிக்கா தன் பிள்ளைகளை அனுப்பவில்லை என்று நான் திட்டவில்லை. எந்த நாடும் வரமாட்டேன் என்று சொல்லலாம். போகத் தயாராக இருந்தவனுடைய வழியில் குறுக்கே படுத்துக்கொள்வது வேறு விஷயம்.

1994 ஏப்ரல் 7ஆம் தேதி ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் ஐ.நா. படையிலிருந்த பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் கிளம்பிவிட்டது. கிளம்பியதோடு நிற்காமல், தான் மட்டும் ஓடிப்போனதாகப் பெயர் வரக்கூடாதென்று, மொத்தப் படையையும் திருப்பி அழைக்க அமெரிக்காவின் துணையைக் கேட்டது, அமெரிக்காவும் அதற்காகவே முதலில் வாதாடியது. ஏப்ரல் 21ஆம் தேதி பாதுகாப்பு சபை எடுத்த முடிவு: சுமார் 2,500 பேர் இருந்த இடத்தில் 270 பேர். கிச்சுகிரோ என்ற இடத்தில் ஒரு தொழிற்பள்ளியில் ஏறக்குறைய 2,000 பேர் பெல்ஜிய வீரர்களை நம்பி அடைந்து கிடந்தார்கள். ஏப்ரல் 11ஆம் தேதி வீரர்கள் வண்டியில் ஏறியபோது சனங்கள் வண்டிக்கு முன்னால் படுத்தார்கள். அரிவாளுக்கு விட்டுவிட்டுப் போவதைவிட நீங்களே சுட்டுவிடுங்கள் என்று கேட்டார்கள். வண்டி போய்விட்டது. அன்றைக்கே அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றுவிட்டார்கள்.

அப்புறம் மே 17ஆம் தேதி மனம் மாறி 5,500 பேர் போகலாம் என்று தீர்மானம் போட்டார்கள். கானா தன் வீரர்களைத் தயார் செய்தது. அவர்களுக்குக் கவச வண்டி வேண்டும். ஐ.நா. அமெரிக்காவிடம் ஐம்பது வண்டி கேட்டது. கவனியுங்கள், ஆளைக் கேட்கவில்லை, ஜெர்மனியில் நிறுத்தி வைத்திருந்த வண்டியைக் கேட்டது. அதற்கு என்ன பேச்சுவார்த்தை நடந்தது தெரியுமா? வாடகைக்கா, விலைக்கா? சங்கிலி உருளும் வண்டியா, டயர் வண்டியா? கப்பல், விமானச் செலவு யாருடையது? ஒப்பந்தத்தில் கையெழுத்தாகாமல் வண்டியைத் துடைத்து வைக்கக்கூட விதியில் இடமில்லை. போக்குவரத்துக்கும் உதிரி பாகங்களுக்கும் ஒன்றரைக் கோடி டாலர் வேண்டும் என்றது பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. மே நடுவில் கேட்டது, ஜூன் 19 வாக்கில்தான் நகர ஆரம்பித்தது, அதுவும் உகாண்டாவின் என்டெபே விமான நிலையம் வரைக்கும். வந்த வண்டியில் ரேடியோ இல்லை, கனரக இயந்திரத் துப்பாக்கி இல்லை. அவை ருவாண்டாவுக்குள் போய்ச் சேருவதற்குள், நூறு நாளில் எட்டு லட்சம் பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அந்தக் கணக்கு முடிந்துவிட்டது.

நான் இளைஞனாக ஒரு மாவட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தேன், எந்த ஊர் என்பது வேண்டாம். வெள்ளத்தில் சிக்கிய ஒரு கிராமத்துக்கு இன்ஜின் படகு கேட்டுத் தாலுகாவிலிருந்து ஆள் வந்து நின்றார், சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர் நல்ல மனிதர், அந்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கோப்பில் பச்சை மையில் எழுதினார்: வாடகையா கொள்முதலா, டீசல் எந்தக் கணக்குத் தலைப்பில், ஓட்டுநர் பயணப்படி யார் பொறுப்பு, ‘விளக்கம் பெற்று மீளச் சமர்ப்பிக்கவும்’. முடியாது என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. அந்த மாதிரி ஒரு மறுப்பை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. பென்டகன் சங்கதியைப் படித்தபோது எனக்கு அந்தப் பச்சை மை அப்படியே கண்ணில் தெரிந்தது.

கொலைக்கு ஆள் திரட்டிய ஆர்டிஎல்எம் வானொலியைத் தடுக்கலாம் என்ற யோசனைக்கும் இதே கதைதான். ஒலிபரப்பை வானத்திலிருந்து தடுக்கும் விமானம் பறக்க மணிக்கு 8,500 டாலர் ஆகும், சட்டச் சிக்கல் வேறு இருக்கிறது என்று குறிப்பு எழுதி மூடிவிட்டார்கள். ‘இனப்படுகொலை’ என்று சொல்லலாமா கூடாதா என்று அப்போது நடந்த பட்டிமன்றத்தைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அதை விடுங்கள், எனக்கு அதில் ஆர்வமில்லை.

போக மறுக்காதவர்களைப் பற்றிச் சொல்கிறேன். படையைக் குறைத்த பிறகும் ஐ.நா. படைத் தளபதி டலேரோடு தங்கிய சில நூறு பேரில் பெரும்பாலானோர் கானாக்காரர்கள். கிகாலியின் அமஹோரோ விளையாட்டரங்கில் அடைந்திருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவர்கள்தான் காவல். செனகலைச் சேர்ந்த கேப்டன் ம்பாய் ஜான்யே என்று ஒருவர், ஐ.நா.வின் ராணுவப் பார்வையாளர், ஆயுதம்கூடக் கிடையாது. கொல்லப்பட்ட ருவாண்டாப் பிரதமர் அகாத்தின் பிள்ளைகளை ஒளித்து வைத்தார். பிறகு ஜீப்பில் மூன்று பேர், ஐந்து பேர் என்று ஏற்றிக்கொண்டு, சோதனைச் சாவடிக்குச் சாவடி சிரித்துப் பேசி, சிகரெட் கொடுத்துத் தாண்டி வந்தார். மே 31ஆம் தேதி ஒரு சாவடியில் அவருடைய ஜீப்புக்குப் பக்கத்தில் மார்ட்டர் குண்டு விழுந்தது. உடலைப் போட்டு அனுப்பப் பைகூட இல்லை. அகதிகளுக்காக வைத்திருந்த யுனிசெஃப்பின் நீலத் தார்ப்பாயில் சுற்றினார்கள். அவரும் யாரோ ஒரு அம்மாவின் பிள்ளைதான், நண்பரே. உங்கள் வீட்டுப் பிள்ளை, யார் வீட்டுச் சண்டை என்று பிரித்து எழுதினீர்களே, அந்த வரி எனக்குப் பிடிக்கவே இல்லை.

உங்கள் கேள்வி எங்கேயோ போய்விட்டது. போக வேண்டுமா என்றால், போகட்டும். பயப்படாதீர்கள் என்று சொல்லமாட்டேன், ஐ.நா. பணிகளில் இந்தியா 150 பேருக்கு மேல் இழந்திருக்கிறது. ஆனால் பயத்தை உபயோகமாகப் படுங்கள். அங்கே அவர்களுக்கு எத்தனை கவச வண்டி, அதில் எத்தனை ஓடுகிறது, அடிபட்டால் எத்தனை மணி நேரத்தில் ஹெலிகாப்டர் வரும், அதற்கு யாருடைய அனுமதி வேண்டும் என்று கேளுங்கள். தம்பியிடம் கேட்காதீர்கள், அவனால் சொல்ல முடியாது. உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள், நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். ‘விளக்கம் பெற்று’ என்று பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.