மூலநிரலைக் கொடுக்காமல் மென்பொருளைக் கொடுப்பது: ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் படிப்பின் கடைசி ஆண்டில் தனியாளாக எழுதிய கணக்கு மென்பொருளைச் சிறு நிறுவனங்களுக்கு விற்க விரும்புவதாகவும், மூலநிரல் (அவர் கைப்பட எழுதிய நிரல் வரிகள்) கைமாறிவிட்டால் அத்தனை உழைப்பும் போய்விடுமே என்று நீங்கள் இருவரும் கவலைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயமானது. இந்தப் பதிலை அவரும் உடனிருந்து படிக்கட்டும்.

கம்பைல் செய்துவிட்டால், அதாவது நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றிவிட்டால், அதை யாரும் பார்க்க முடியாது என்று அவர் நம்புவது பாதிதான் சரி. சி, சி++ போன்ற மொழிகளில் எழுதியதைக் கம்பைல் செய்து, பிழைதிருத்தத்துக்கான தகவல்களையும் நீக்கிவிட்டால், குறிப்புரைகளும் மாறிகளின் பெயர்களும் மறைந்து இயந்திரக் கட்டளைகளே மிஞ்சும். எழுதிய வடிவத்தை அப்படியே மீட்க முடியாது என்றாலும், அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தேர்ந்த ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2019-இல், கம்பைல் ஆன கோப்பைப் பிரித்து ஆராய உதவும் கீட்ரா என்ற கருவியை இலவசமாக வெளியிட்ட பிறகு, அதற்குப் பெருஞ்செலவும் ஆவதில்லை. ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் வகுப்புகளின் பெயர்கள்கூடக் கோப்பிலேயே தங்கிவிடுவதால், மூலநிரலுக்கு மிக நெருக்கமான ஒன்றை, கம்பைல் ஆனதைத் திருப்பி மாற்றும் டீகம்பைலர் சில நொடிகளில் தந்துவிடும். உங்கள் மகள் பயன்படுத்தியிருக்கும் பைத்தானின் நிலையும் ஏறக்குறைய அதுவே. பைத்தான் நிரலைப் பிறர் கணினியில் இயங்கும்படி கட்டும் பைஇன்ஸ்டாலர் என்ற கருவி எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித் தருகிறதே தவிர, உள்ளே இருக்கும் பைட்கோடை (பைத்தான் இயக்கும் இடைநிலை வடிவத்தை) ஒளித்து வைப்பதில்லை. முக்கியமான பகுதிகளை மட்டும் சைத்தான் அல்லது நியூட்கா என்ற கருவி வழியாக சி நிரலாக்கிக் கம்பைல் செய்தால் பாதுகாப்பு கூடும்.

என்னிடம் வந்த ஒரு மாணவர், தரவுத்தளக் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதிவைத்தே கோப்பைப் பலருக்கு அனுப்பியிருந்தார். ஒரு கோப்பில் இருக்கும் எழுத்துத் தொடர்களை மட்டும் பிரித்துக் காட்டும் சாதாரணக் கட்டளை ஒன்றை அவர் முன்னாலேயே இயக்கினேன். ஓடிய வரிகளுக்கு நடுவே அந்தக் கடவுச்சொல் முழுமையாக நின்றது. உண்மையிலேயே ரகசியமானது எதுவோ அது வாடிக்கையாளரின் கணினிக்குப் போகவே கூடாது. சர்வரில் வைத்து, விடையை மட்டும் அனுப்புவதே உறுதியான வழி.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. மூலநிரலைக் கொடுக்காமலிருக்கும் உரிமை உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்பதை இதுவரை யாரும் பார்க்கவில்லை. திரை வடிவமைப்புக்குப் பைக்யூட்டி என்ற லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பை) அவர் பயன்படுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்திலும், பணம் கட்டிப் பெறும் வணிக உரிமத்திலும் கிடைக்கிறது. ஜிபிஎல் உரிமத்தின்கீழ் அதைச் சேர்த்து மென்பொருளை விற்றால், வாங்கியவருக்கு முழு மூலநிரலையும் அதே உரிமத்தில் தரக் கடமைப்பட்டவராகிறார். வணிக உரிமம் வாங்கலாம். அல்லது ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கும் பைசைடு என்ற லைப்ரரிக்கு மாறலாம். பைக்யூட்டியும் பைசைடும் பயன்பாட்டில் ஒத்தவை என்பதால் மாற்றுவது பெரிய வேலையாக இராது. எல்ஜிபிஎல்லுக்கும் நிபந்தனைகள் உண்டு, ஆனால் அவருடைய சொந்த நிரலைத் திறந்து காட்டச் சொல்வதில்லை. எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்களில் வரும் லைப்ரரிகளுக்கு, பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் உடன் வைத்தால் போதும். விற்பனைக்கு முன்பு, பயன்படுத்திய ஒவ்வொரு லைப்ரரியின் பெயரையும் உரிமத்தையும் ஒரு தாளில் அவர் எழுதி முடிக்க வேண்டும்.

வேலைக்கான நேர்முகத்தேர்வில் இதே மென்பொருள் அவருக்குத் துணை நிற்கும், ஆனால் மூடிய நிரலைத் தேர்வாளர் மதிப்பிட முடியாது. ஆகவே வணிக மதிப்பில்லாத ஒரு சிறு பகுதியை, தேதிகளைச் சரிபார்க்கும் பகுதி போன்ற ஒன்றை, சோதனை நிரல்களோடு தனியே எடுத்து வெளிப்படையாக வைக்கச் சொல்லுங்கள். அந்த உரிமப் பட்டியலையும் அவர் கையோடு கொண்டு செல்லட்டும். அதைத் தானாகவே சரிபார்த்து வரும் புதியவர்களை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன்.