டொமைன் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உங்கள் கல்யாணச் சமையல் தொழிலுக்கு இணையதளம் கட்ட வந்த டெவலப்பர் முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்கிறார், டாட் கோ டாட் இசட்ஏ (.co.za) டொமைனையும், அதாவது தளத்தின் இணைய முகவரியையும், தன் பெயரில் பதிவு செய்கிறேன் என்கிறார், சம்மதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உரிமையாளர் என்று யார் பெயர் பதிவாகிறதோ முகவரி அவர் கையில்தான், நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் அதில் ஓடும் மின்னஞ்சலும் சேர்ந்து போய்விடும். நீங்களே பதிவு செய்துவிட்டு அவருக்கு வேலைக்கான அனுமதி மட்டும் கொடுங்கள், ஹோஸ்டிங்கும் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்) அப்படியே. பணம் தவணையாக: தொடக்கத்தில் கொஞ்சம், வடிவமைப்பைப் பார்த்ததும் கொஞ்சம், மீதி தளம் ஓடத் தொடங்கியபின். அப்புறம், விசாரணைப் படிவத்தில் பெயர், போன் நம்பர் வாங்கினால் போபியா (POPIA) என்ற தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும் (2021 ஜூலை 1 முதல் கட்டாயம்), எதற்கு வாங்குகிறீர்கள் என்று படிவத்திலேயே எழுத டெவலப்பரிடம் சொல்லுங்கள். மெனுவையும் படங்களையும் இப்போதே தயார் செய்யுங்கள், தாமதம் பெரும்பாலும் நம்ம பக்கம்தான்!