கால் ஷியரிங் போதும், மோட்டாருக்காகக் கடன் வாங்காதீர்கள்

காங்கேயம் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: வீட்டுக்குப் பின்னால் 12-க்கு 16 அடி ஷெட், சிங்கிள் பேஸ் கரண்ட். கொப்பரை காயவைக்கும் தட்டு, மாட்டுத் தீவனத் தொட்டி, தானியப் பெட்டி செய்கிறார். எல்லாம் 20 கேஜ் ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு), இதுவரை கிரைண்டரில்தான் வெட்டினார். தகட்டைக் கத்திரிபோல் நேராக வெட்டும் ஷியரிங் மிஷின் பார்க்கப் போனால், 3 மி.மீ. வெட்டும் மோட்டார் மிஷினை எடுக்கச் சொல்கிறாராம் விற்பவர். லோனும் மானியமும் அவரே முடித்துத் தருவாராம். வாங்கலாமா?

வேண்டாம். உங்களுக்குத் தேவை காலால் மிதித்து வெட்டும் ஷியரிங்.

கிரைண்டரை விடுவது நல்ல முடிவு. கட்டிங் வீல் போகிற வழியெல்லாம் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், துரு அந்த ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். ஷியரிங்கில் வெட்டினால் இரு பக்கத்துப் பூச்சும் ஓரத்தை ஓரளவு காக்கும். வட்டமும் வளைவும் வெட்ட மட்டும் தகரக் கத்திரியை வைத்துக்கொள்ளுங்கள்.

தகட்டின் தடிமனைச் சொல்லும் கேஜ் கணக்கை நம்பி மிஷின் வாங்காதீர்கள். 20 கேஜ் என்பது ஓர் அட்டவணையில் 0.91 மி.மீ., இன்னொன்றில் ஏறக்குறைய 1 மி.மீ. பேசுவதை மி.மீ.-யிலேயே பேசுங்கள். முழு நீளத்துக்கும் 1.2 மி.மீ. சாதா இரும்பை வெட்டும் மிஷின் உங்களுக்குத் தாராளம். அப்புறம் நீளம். ‘நாலடி மிஷின்’ என்பார்கள். நாலடி என்றால் 1220 மி.மீ.; கடையில் 1250 மி.மீ. அகல ஷீட்டும் வரும். பிளேடு 1220-தான் என்றால் அந்த ஷீட் உள்ளேயே போகாது. டேப் வைத்து அளந்து பாருங்கள், 1250-க்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். எட்டடி ஷீட்டை முன்னாலிருந்து தள்ள வேண்டியிருப்பதால், ஷெட்டின் 16 அடி வாக்கில் மிஷினை நிறுத்துங்கள்.

எப்போதாவது எஸ்.எஸ். (எவர்சில்வர்) தட்டு கேட்கிறார்கள் என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். பலர் மிஷினைக் கெடுப்பது அந்த ‘எப்போதாவது’வில்தான். மிஷினில் எழுதியிருக்கும் தடிமன் சாதா இரும்புக்கு. எஸ்.எஸ். அதைவிட வலுவானது, வெட்ட வெட்ட இறுகும். 1.2 மி.மீ. மிஷினில் எஸ்.எஸ். 0.8 மி.மீ.க்கு மேல் போடவே கூடாது. ‘304 ரகம்தானே சார், ஒரு தடவைதானே’ என்று மிதித்தால், வெட்டுவதற்குப் பதில் இரண்டு பிளேடுக்கும் நடுவே தகடு மடிந்து சொருகிக்கொள்ளும். பிளேடு விலகும். மறுநாள் ஜி.ஐ. போட்டாலும் ஓரமெல்லாம் பிசிறு அடிக்கும். 202 ரகம் என்றால் இன்னும் முரண்டு பிடிக்கும். என்னிடம் தொழில் பழகிய ஒருவர் ஒரே ஓர் எஸ்.எஸ். ஆர்டருக்காகப் புதுப் பிளேடின் விளிம்பை உடைத்துக்கொண்டார். ஆர்டர் வந்தால் ஜாப் ஒர்க் கடையில் கொடுத்து வெட்டி வாங்குங்கள்.

இப்போது அந்த 3 மி.மீ. ஆசைக்கு வருவோம். மேல் பிளேடு சாய்ந்திருக்கும் சரிவு ஒரே அளவாக இருந்தால், தடிமன் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு வேண்டும். 1.2-இலிருந்து 3-க்குப் போனால் ஆறு மடங்குக்கும் மேல். அதற்குத்தான் அத்தனை எடை, அத்தனை பெரிய மோட்டார். அந்த மோட்டார் த்ரீ பேஸ் கேட்கும். பிறகு மின்வாரிய அலுவலகத்துக்கு எத்தனை நடை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வருடத்துக்கு நாலு இரும்புக் கேட் செய்வதற்காக 3 மி.மீ. தகடு வெட்ட இவ்வளவு எதற்கு?

மானியம் முடித்துத் தருகிறேன் என்கிறாரே, அங்கேதான் எனக்குக் கோபம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்துக்கு நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இடையில் ஆள் தேவையே இல்லை. கிராமப்புறமாக இருந்தால் மானியம் பொதுப்பிரிவுக்கு 25 சதவீதம். பெண்கள், பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர் போன்ற சிறப்புப் பிரிவுகளுக்கு 35. ஆனால் அது கையில் வரும் பணமல்ல. வங்கியிலேயே மூன்று வருடம் வைப்பாக இருந்து, அதன்பிறகே கடனில் கழியும். இடைத்தரகர் செய்வது என்ன? கொட்டேஷனை, அதாவது கடைக்காரர் எழுதித் தரும் விலைச் சீட்டை, ஏற்றிப் போடுவார். ஏற்றிய தொகைக்கும் வட்டி கட்டுவது நீங்கள். எத்தனை மி.மீ. வெட்டப் போகிறாய் என்று வங்கியில் ஒருவரும் கேட்க மாட்டார்; கொட்டேஷனில் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். கால் ஷியரிங்குக்குக் கடன் தேவைப்பட்டாலும் வாங்குங்கள், கொட்டேஷனை மட்டும் இரண்டு மூன்று கடையில் நீங்களே போய் வாங்குங்கள்.

கையில் காசோடு போகும்போது உங்கள் ஷீட்டில் ஒரு துண்டையும் ஒரு செய்தித்தாளையும் கொண்டுபோங்கள். முதலில் தாளை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெட்டுங்கள். எங்காவது கிழிந்தாலோ மடிந்தாலோ அந்த இடத்தில் பிளேடு சேரவில்லை என்று அர்த்தம். பிறகு ஷீட்டில் இரண்டு விரல் அகலப் பட்டை ஒன்று வெட்டச் சொல்லுங்கள். குறுகலான பட்டை எந்த மிஷினிலும் கொஞ்சம் முறுக்கும். கயிறு மாதிரி சுருண்டு விழுந்தால் வேறு மிஷினைப் பாருங்கள். பழைய மிஷின் என்றால் பிளேடின் மறுவிளிம்பையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். திருப்பிப் போட ஒரு நல்ல விளிம்பு பாக்கி இருந்தால்தான் விலை பேசலாம்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், வேலை முடிந்ததும் மிதிபலகைக்கு அடியில் ஒரு கட்டை கொடுத்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுங்கள்.