மேப்லித்தோவில் கறுத்துப்போன முகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பள்ளியின் நூற்றாண்டு மலரில் பழைய தலைமையாசிரியரின் கறுப்பு வெள்ளைப் படத்தை வெளியிட்டோம். ஸ்டுடியோவில் பளபளப்பான தாளில் போட்டுப் பார்த்தபோது தெளிவாக இருந்த முகம், மேப்லித்தோ என்னும் பூச்சில்லாத அச்சுத்தாளில் அச்சான மலரில் கண்கள்கூடத் தெரியாதபடி கறுத்துவிட்டது. பிழை அச்சகத்துடையதா, படத்துடையதா?

வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்டுடியோ தாளுக்குப் பொருந்திய அதே கோப்பை மேப்லித்தோவுக்கும் அனுப்பியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆஃப்செட் அச்சில் சாம்பல் மை கிடையாது; கறுப்பு மையின் நுண்புள்ளிகளே சாம்பலாகத் தோன்றுகின்றன. பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் அந்தப் புள்ளி பெரும்பாலும் மேலேயே தங்கும். மேப்லித்தோவிலோ இழைகளுக்குள் இறங்கிப் பரவுவதால், கோப்பில் 50 சதவீதமாக (முழுக் கறுப்பு 100) இருந்த சாயல் தாளில் 70 சதவீதத்தை நெருங்கிவிடும். புள்ளி இப்படிப் பருப்பது நடுச்சாயல்களில்தான் மிக அதிகம். நம்மவர் முகங்கள் பெரும்பாலும் அங்கேதான் விழுகின்றன என்பதால், கன்னத்து நிழலும் கண்குழியும் ஒன்றாகிக் கறுத்துப்போவதை நமது மலர்களில் அடிக்கடி பார்க்கிறோம். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இந்தத் தாளில் முழுக் கறுப்பும் ஆழமாக வராது. அதைச் சரிக்கட்டப் பலர் கான்ட்ராஸ்டை ஏற்றுகிறார்கள். அதனால் நிழல்களில் எஞ்சியிருந்த விவரமும் போய்விடுகிறது. படத்தைத் திருத்தும் மென்பொருளில் சாயல்களை ஏற்றி இறக்கும் வளைகோடான கர்வ்ஸில் இரு முனைகளையும் ஏறக்குறைய அப்படியே விட்டு, நடுப்பகுதியை மட்டும் வெளிறச் செய்யுங்கள். விவரம் தெரியவேண்டிய நிழல் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். நெற்றியின் வெளிச்சத்தில் 4, 5 சதவீதப் புள்ளியாவது இருக்கட்டும், கண்மணியில் மின்னும் ஒளி மட்டும் வெறும் தாளாக நிற்கலாம். திரையில் படம் சோகை பிடித்ததுபோலத் தெரியும், தயங்காதீர்கள். கோப்பு நான்கு வண்ணத்தில் இருந்தால் கறுப்பு மையை மட்டும் கொண்ட கிரேஸ்கேலுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் மைகளின் சிறு ஏற்றத்தாழ்வே முகத்தில் பச்சையோ சிவப்போ ஏற்றிவிடும்.

இருட்டறைக் காலத்திலும் இந்தக் கவனம் இருந்தது. பிளாட்டினத்தால் படம் உருவாகும் தாளுக்கு, வெள்ளி உப்பு பூசிய சாதாரண புரோமைடு தாளுக்கு வேண்டியதைவிடக் கான்ட்ராஸ்ட் மிகுந்த நெகட்டிவ் தேவை. ஆகவே அதில் அச்சிட நினைத்தவர்கள் தாளை முடிவுசெய்த பிறகே பிலிமை டெவலப் செய்தார்கள்.

மலரை மறுபடி அச்சிடுவதானால், அச்சகத்தில் அதே தாளில் வேறு வேலை ஓடும் நாளில், ஓரத்தில் மிஞ்சும் இடத்தில் நடுச்சாயலை மூன்று அளவில் வெளிறச்செய்த படங்களை வைத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். மை நன்கு காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.