சஸ்பென்ஷனும் பிரேக்கும் மாற்றிய பிறகு கார் ஒரு பக்கம் இழுக்கிறது, அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்தும் போகவில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

முன்பக்க ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்), உயரம் குறைந்த ஸ்பிரிங், பெரிய டிஸ்க், அதற்கேற்ற காலிப்பர் (பேடுகளால் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) என்று எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது, கார் இடப்பக்கம் இழுக்கிறது, அலைன்மென்ட் பார்த்தும் தீரவில்லை. இதுதானே பிரச்சினை? மறுபடி மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் பூட்டிய விதத்தைப் பாருங்கள். மெஷின் கோணத்தை அளந்து சொல்லும், அந்தக் கோணம் ஏன் வந்தது என்று அதற்குத் தெரியாது. பூட்டியதில் கோளாறு இருந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகி, திரையில் எண்ணைப் பச்சையாக்கி அனுப்பிவிடுவார்கள். கார் பழையபடியே இழுக்கும்.

முதலில் பிரேக்கைக் கழித்துவிடலாம். டிஸ்க், காலிப்பர், பேட் மட்டும் மாற்றினால் சக்கரத்தின் கோணம் மாறாது. டிஸ்க், சக்கரம் மாட்டும் ஹப்பின் மேல் உட்காருகிறது, காலிப்பர் அந்த ஹப்பைத் தாங்கும் நக்கிளில் மாட்டியிருக்கிறது, கோணத்தைத் தீர்மானிப்பது நக்கிள்தான். பெரிய பிரேக்குக்காக நக்கிளையே வேறு மாடலில் இருந்து எடுத்து மாற்றியிருந்தால் கதை வேறு. அப்போது நக்கிளைக் கீழே பிடிக்கும் பால் ஜாயிண்டின் (பந்து மூட்டு) உயரமும் டை ராட் பிடிக்கும் கையின் நீளமும் மாறியிருக்கலாம், பழைய அளவுகள் எதையும் நம்ப முடியாது.

ஆனால் கோணம் சரியாக இருக்கும்போதே ஒரு காரை இழுக்க வைக்க பிரேக்கால் முடியும். சமமான, ஆளில்லாத சாலையில் நிதானமான வேகத்தில் போய், பிரேக்கைத் தொடாமல் நியூட்ரலில் உருள விடுங்கள். பிறகு அதே இடத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள். பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் அலைன்மென்ட் சென்டரை மறந்துவிட்டு காலிப்பரைப் பாருங்கள். பெரும்பாலும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கும், ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் ஒரு பக்க பிரேக் எண்ணெயில் காற்று இருக்கும். காற்று விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இடது காலிப்பரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்ட முடிகிற கார்கள் இருக்கின்றன. அப்படி மாறிப்போனால் காற்று வெளியேற்றும் நிப்பிள் அடிப்பக்கம் வந்துவிடும். காற்று மேலேயே தங்கிவிடும், எத்தனை தடவை பிளீட் செய்தாலும் பெடல் மெத்தென்றுதான் இருக்கும். நிப்பிள் மேலே இருக்கிறதா என்று குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும்.

பிரேக் அதிகம் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, இரண்டு முன் சக்கரங்களின் ரிம் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தக் காலிப்பர் முழுதாக விடவில்லை. எப்போதும் ஒரே பக்கம் இழுப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

டயரையும் சந்தேகப்படுங்கள். சுழல் திசை குறியிடாத டயர் என்றால் முன் இடதையும் வலதையும் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். சாலையின் நடுப்பகுதி சற்று மேடாக இருப்பதால் கார் ஓரத்தை நோக்கி லேசாகச் சாய்வது இயல்பு, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி சஸ்பென்ஷன். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு தடவை சிக்கல் இருப்பது ஸ்ட்ரட்டின் அடிப்பக்கத்தை நக்கிளோடு பிடிக்கும் அந்த இரண்டு போல்ட்டுகளில்தான். போல்ட்டைவிட ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டும்போது நக்கிள் அந்த இடைவெளிக்குள் எங்கே நின்றதோ அங்கேயே இறுகிவிடும். இடப்பக்கம் வெளியே தள்ளி இறுக்கி, வலப்பக்கம் உள்ளே தள்ளி இறுக்கியிருந்தால் இரண்டு பக்கக் கேம்பரும் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) ஒன்றாக இருக்க வழியில்லை. இந்த இடைவெளி சில கார்களில் ஒரு டிகிரிக்குப் பக்கத்தில் வித்தியாசம் தரும். கேம்பர் அதிகம் பாசிட்டிவாக (மேல்பக்கம் வெளியே சாய்ந்து) இருக்கும் பக்கம்தான் கார் இழுக்கும், காஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சின் சாய்வு) என்றால் குறைவாக இருக்கும் பக்கம்.

இதைச் சரிசெய்ய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். காரை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்துங்கள். டிஸ்க்கின் மேல்பக்கத்தை ஒருவர் உள்நோக்கி அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் போல்ட்டை இறுக்கட்டும். 'டக்' என்று நக்கிள் ஓட்டையின் விளிம்பில் உட்காருவது கையிலேயே தெரியும். மறுபக்கமும் உள்நோக்கியே, அதே மாதிரி. கடைசி இறுக்கம் டார்க் ரென்ச்சில், கார் கையேட்டில் சொன்ன அளவுக்கு. சில கார்களில் இந்த போல்ட்டுகளை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது லோயர் ஆர்ம் புஷ், அதாவது நக்கிளைக் கீழே பிடிக்கும் கையின் ரப்பர் மூட்டு. இதைப் பெரும்பாலானவர்கள் கண்டுகொள்வதில்லை. ரப்பர் புஷ்ஷின் உள் குழாய் போல்ட்டை இறுக்கியதும் அசையாமல் நின்றுவிடும், அதற்குப் பிறகு ஆர்ம் அசையும்போதெல்லாம் ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். சக்கரம் காற்றில் தொங்கும்போது அந்த போல்ட்டை இறுக்கினால், கார் தரையில் இறங்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். கார் இருக்க வேண்டிய உயரத்தைவிடச் சற்றுத் தூக்கி நிற்கும், கொஞ்ச நாளில் ரப்பர் கிழியும், உயரம் இறங்கும், நீங்கள் காசு கொடுத்து வைத்த கோணங்களும் கூடவே மாறும். போல்ட்டைத் தளர்த்தி, சக்கரங்களின் மேல் காரின் முழு எடையும் இருக்கும்போது இறுக்குங்கள். பிறகு சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் ஒரு ஸ்பிரிங் அதன் இருக்கையில் சரியாக உட்காராமல் இருக்கலாம்.

வேலையின்போது சப்ஃபிரேமை (லோயர் ஆர்ம்கள் மாட்டியிருக்கும் அடிச்சட்டம்) இறக்கினீர்களா? வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரை எடுப்பதற்காகச் சிலர் இறக்குவார்கள். திரும்ப ஏற்றும்போது அது சில மில்லிமீட்டர் நகர்ந்து உட்கார்ந்தால் இரண்டு சக்கரங்களின் அடிப்பக்கமும் ஒரே திசையில் நகரும். ஒரு பக்கம் நெகட்டிவ் கேம்பர் கூடும், மறுபக்கம் அதே அளவு குறையும். எனக்குத் தெரிந்த ஒரு காரின் அலைன்மென்ட் தாளில் வலது மைனஸ் 1.4, இடது மைனஸ் 0.2 என்று இருந்தது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மைனஸ் 0.8, அந்தத் தாழ்வுக்கு வர வேண்டிய எண் அதுதான். சப்ஃபிரேமைத் தளர்த்தி இடப்பக்கம் தள்ளியதும் இரண்டும் சமமானது. அந்தக் காரில் முதலிலேயே கேம்பர் போல்ட் (கேம்பரை நகர்த்தித் தரும் போல்ட்) வாங்கிப் போட்டிருந்தால் தாளில் எண் அழகாகத் தெரிந்திருக்கும், சப்ஃபிரேம் கோணலாகவே இருந்திருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட். புது ஸ்பிரிங் ஓட ஓடக் கொஞ்சம் இறங்கும். அதனால் இப்போதைக்கு டோவை (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும் தோராயமாக நேராக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு முழு அலைன்மென்ட் செய்வது நல்லது. வரிசை முக்கியம். காஸ்டர், பிறகு கேம்பர், கடைசியில் டோ. கேம்பரை மாற்றினால் டோ தானாக மாறும், ஏனென்றால் நக்கிள் சாயும்போது டை ராடின் நீளம் மாறாமல் அப்படியே இருக்கிறது. டோ வைத்துவிட்டு அப்புறம் கேம்பரைத் தொட்டால் முதல் வேலை வீண்.

நான்கு சக்கரத்தையும் அளக்கச் சொல்லுங்கள், முன்பக்கம் மட்டும் போதாது. பின் சக்கரங்கள் ஒரு பக்கம் பார்த்தால் முன்பக்கம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஸ்டியரிங் கோணலாகத்தான் நிற்கும். கேம்பர் சரிசெய்ய வழியில்லை என்று சொன்னால், அந்த இரண்டு போல்ட்டுகளின் இடைவெளியையாவது பயன்படுத்தினார்களா என்று கேளுங்கள். அதுவும் போதாவிட்டால்தான் கேம்பர் போல்ட்டோ, நகர்த்தக்கூடிய மேல் மவுண்ட்டோ.

எந்த எண்? தினசரி ஓட்டும், சற்றுத் தாழ்த்திய காருக்கு மைனஸ் 1 முதல் மைனஸ் 1.5 வரை கேம்பர் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன், இரு பக்க வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காஸ்டருக்கும் அதே அரை டிகிரி. டோ பூஜ்யத்துக்குப் பக்கத்தில், மிக லேசான டோ-இன் (சக்கரத்தின் முன் விளிம்பு உள்நோக்கி). கேம்பரைப் பார்த்துப் பயப்படுபவர்கள் டோவைக் கண்டுகொள்வதில்லை, ஆனால் டயரைத் தின்பது டோதான். ஒரு சக்கரம் கால் டிகிரி விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய நாலரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். டயரின் குறுக்கே உள்ளங்கையை மெதுவாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால் அது டோவின் வேலை.

வீட்டிலேயே தோராயமாக வைக்க, காரின் இரு பக்கமும் ஹப் உயரத்தில் காருக்கு இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளக்கலாம். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இருக்கலாம், அதைக் கழித்துத்தான் நூலை இணையாக்க வேண்டும். 16 அங்குல ரிம்மில் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது சுமார் 0.13 டிகிரி. டை ராடில் 1.5 மில்லிமீட்டர் மரை என்றால் ஒரு முழுச் சுற்று ரிம்மில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நகர்த்தும். அதனால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, காரை முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டி, மறுபடி அளங்கள். உருட்டாவிட்டால் ஜாக்கிலிருந்து இறங்கிய டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பொய்யான அளவு காட்டும்.

ஸ்டியரிங்கை நேராக்க இடது டை ராடை எவ்வளவு நீட்டுகிறீர்களோ வலதை அவ்வளவு சுருக்குங்கள், மொத்த டோ மாறாது. ஸ்டியரிங் சக்கரத்தையே கழற்றிப் பல் மாற்றி மாட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கார் அந்த ஸ்டியரிங்கோடு தயாரிப்பிலிருந்து வந்தபடியே இருக்கிறது, மாறியது கீழேதான்.

பெரிய காலிப்பருக்கு இடம் போதாமல் ஸ்பேசரோ (ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கும் தட்டு), சக்கரத்தை வெளியே தள்ளும் வேறு ஆஃப்செட் வீலோ போட்டிருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சக்கரம் வெளியே தள்ளிப்போனதால், சாலையின் பள்ளமும் பிரேக் விசையில் வரும் சின்ன ஏற்றத்தாழ்வும் ஸ்டியரிங்கில் முன்பைவிட அதிகமாகத் தெரியும். இது எந்த அலைன்மென்ட்டாலும் போகாது. மெல்லிய ஸ்பேசருக்கு மாறினால் குறையும்.

கார் புதியது என்றால் வேலை முடிந்ததும் ஸ்டியரிங் கோண சென்சாரைப் பூஜ்யத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருந்தால், உயரம் குறைந்திருப்பதால் அதற்கும் மறுசீரமைப்பு தேவைப்படலாம். லேன் விட்டு விலகாமல் ஸ்டியரிங்கைத் தானே திருப்பும் வசதி உள்ள கார்களில், சோதனை ஓட்டத்துக்கு முன் அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இழுப்பது சக்கரமா கணினியா என்று கண்டுபிடிக்க முடியாது.