மெக்கானிக் பதில்கள்: தாத்தாவோட பவர் சா

போன மாசம் பழைய பவர் சா, அதான் பெட்ரோல்ல ஓடுற செயின் ரம்பம், அத பத்தி ரெண்டு வரி எழுதுனதுக்கு இவ்வளவு கடுதாசி வரும்னு நெனைக்கல. நீலகிரியில இத்தனை பேர் வீட்டு ஷெட்ல ஒரு ரம்பம் துருப்பிடிச்சு கெடக்குதா! வந்ததுல அஞ்சு மட்டும் இங்க.

எங்க தாத்தா எஸ்டேட்ல காண்ட்ராக்ட் எடுத்து மரம் வெட்டுனவர். அவரோட ஸ்டில் கம்பெனி 070 மாடல் ரம்பம் ஒண்ணு இருபது வருஷமா சும்மா கெடந்துச்சு. தொடச்சு பெட்ரோல் ஊத்தி இழுத்தா ஸ்டார்ட் ஆகுது, ஒரு நிமிஷம் ஓடி நின்னுடுது. முழுசா பிரிச்சிடலாமா சார்? – கோத்தகிரி வாசகர்

பிரிக்காதீங்க தம்பி, தயவுசெஞ்சு பிரிக்காதீங்க. எனக்கு வர்ற மெஷின்ல பாதி, ஓடலைன்னு வர்றதில்ல, யாரோ ஆசையா பிரிச்சு, மறுபடி பூட்டத் தெரியாம ஒரு பக்கெட்ல போட்டுத்தான் வருது.

கையில இருக்கிறது நல்ல வம்சம். 1959-ல ஸ்டில் கம்பெனி கான்ட்ரானு ஒண்ணு விட்டாங்க, கியர் கெடையாது, என்ஜின் நேரா செயினைச் சுத்தும், 12 கிலோ. அந்த வழியில வந்ததுதான் உங்க 070, 106 சிசி. நம்ம ஊர் பைக்குல பாதிக்கு அதவிட சின்ன என்ஜின்தான்.

ஸ்டார்ட் ஆகுதுன்னா கரன்ட் வருது, கம்ப்ரஷன் இருக்கு. நிக்குதுன்னா சாப்பாடு, அதாவது பெட்ரோல், போகல. காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்புரேட்டர் உள்ள, பெட்ரோல இழுத்து விடுற டயாபிரம் ரப்பர் அப்பளம் மாதிரி வெறைச்சுப் போயிருக்கும். நாலு ஸ்க்ரூவ கழட்டி அத எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு மடக்கிப் பாருங்க, புதுசு துணி மாதிரி தொங்கும், பழசு மொடமொடன்னு சத்தம் போடும். டயாபிரம் கிட்டு, டேங்க் உள்ள இருக்கிற பெட்ரோல் பைப்பு, ஃபில்டர், இந்த மூணையும் மாத்துங்க. இப்ப பம்புல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அது பழைய ரப்பரை ஊறவெச்சு தின்னுடும், நம்ம ஊர் ஈரக்காத்துல தண்ணியையும் இழுத்துக்கும். அதனால பைப்பு வாங்கும்போதே எத்தனால் தாங்குற பைப்பு வேணும்னு கேட்டு வாங்குங்க, ஆயில் கலந்ததை மாசக்கணக்குல வைக்காதீங்க, வேல முடிஞ்சதும் டேங்க்கை காலி பண்ணி, மிச்சத்த ஓடவிட்டே தீத்துடுங்க. பெட்ரோல்ல கலக்குற டூ டி ஆயில் லிட்டருக்கு 40 மில்லி. புது ஆயில் டப்பாவுல 20 மில்லி போதும்னு போட்டிருக்கும், தாத்தா மெஷினுக்கு தாத்தா கணக்கே இருக்கட்டும், கொஞ்சம் பொகஞ்சா பொகஞ்சிட்டுப் போகுது.

கரன்ட் வீக்கா இருக்குனு தோணுச்சுன்னா, ஃப்ளைவீல் அடியில பிளாட்டினம் இருக்கும், பொறி வர வைக்கிற காண்டாக்ட் பாயின்ட்டத்தான் அப்படிச் சொல்லுவோம். ஊர்ல பழைய ராஜ்தூத், யெஸ்டி பாத்த மெக்கானிக் யாராச்சும் இருந்தா அவருகிட்ட கொண்டுபோங்க, புதுப் பசங்களுக்கு பிளாட்டினம்னா மோதிரம்தான் தெரியும். பில்லர் கேஜ்ங்கற இடைவெளி அளக்குற தகடு வெச்சு 0.4 மி.மீ. கிட்ட கேப் வெச்சு, கொஞ்சம் தீட்டி விட்டா நீலமா பொறி வரும்.

ஊட்டியில நல்லா ஓடுற மெஷினை கீழ கொண்டுபோனா ட்யூனிங் மாத்தணுமா? ஒரு ஸ்க்ரூ தானே, அதுல என்ன ஆயிடப்போகுது? – ஊட்டி வாசகர்

என்ன ஆகும்னு என் சொந்தக் காசுல கத்துக்கிட்டேன், கேளுங்க.

ஊட்டி 2240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோட பாத்தா இங்க காத்துல அஞ்சுல ஒரு பங்கு கம்மி. காத்து கொறைஞ்சாலும் கார்புரேட்டர் அதே பெட்ரோலத்தான் ஊத்தும், அதனால மேல வந்த மெஷின் மூச்சு முட்டி, பிளக் கறுத்து, பொகையா கக்கும். நாம என்ன பண்ணுவோம், கார்புரேட்டர்ல ஃபுல் ஸ்பீடுக்கான ஹெச் ஸ்க்ரூவை உள்பக்கம் திருப்பி பெட்ரோலக் கொறைப்போம். அது சரிதான். நானும் அப்படி ஒரு மார்கழிக் குளிர்ல காலையில ஒரு மெஷினை தேன் மாதிரி செட் பண்ணி வெச்சிருந்தேன். அத வண்டியில போட்டுக்கிட்டு மேட்டுப்பாளையத்துல ஒரு சினேகிதர் மரக்கடைக்குப் போனேன், காமிக்கணும்னு ஆசை. புளியங்கட்டை ஒண்ணு கெடந்துச்சு. ஃபுல் ஆக்ஸிலரேட்டர்ல வெச்சு அழுத்துனேன், என்னமா பாடுச்சு தெரியுமா, நம்ம ஊர்ல ஒரு நாளும் அப்படிப் பாடுனதில்ல. சுத்தி நின்னவங்க எல்லாம் ஆஹான்னாங்க. ரெண்டு நிமிஷம். அப்புறம் கீச்சுனு ஒரு சத்தம், கயிறு இழுத்தா கல்லு மாதிரி நின்னுச்சு. சைலன்ஸரக் கழட்டி ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாத்தா பிஸ்டன்ல பூனை பிறாண்டுன மாதிரி கோடு கோடா இருந்துச்சு.

கீழ காத்து அடர்த்தி, பெட்ரோல் பத்தல. டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோல் கொறைஞ்சா ஆயிலும் கொறைஞ்சுதுனு அர்த்தம். நல்லாப் பாடுறதே ஆபத்துனு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. லோடு இல்லாம ஃபுல்லா முறுக்குனா லேசா கரகரன்னு தொண்டை கட்டின மாதிரி இருக்கணும், மரத்துல வெச்சதும் தெளியணும். மலை இறங்கும்போது ஸ்க்ரூவை கால் சுத்து வெளிய திருப்பிட்டு, கீழ காதால கேட்டு மறுபடி செட் பண்ணுங்க.

ட்யூனிங் நிக்காம ஒரு நேரம் ஏறி ஒரு நேரம் இறங்குதுன்னா ஸ்க்ரூ மேல பழி போடாதீங்க, க்ராங்க் ஆயில் சீல், அதான் என்ஜின் தண்டச் சுத்தி இருக்கிற ரப்பர் வளையம், காஞ்சு காத்து இழுக்குது. பழைய சீல் மேலயே அளவு மூணு நம்பரா அடிச்சிருக்கும், உள்ளளவு, வெளியளவு, தடிமன். கோயம்புத்தூர்ல பேரிங் கடையில அத காட்டுனா பெரும்பாலும் எடுத்துக் குடுத்துடுவாங்க.

பிஸ்டன் இறுகி சீஸ் ஆன சிலிண்டரை லேத்துல கடைஞ்சு போர் அடிக்கலாமா? – கூடலூர் வாசகர்

பெரும்பாலும் முடியாது. உள்ள குரோம் முலாம், போர் அடிச்சா அது போயிடும். ஆனா நிறைய நேரம் சிலிண்டர் கெட்டிருக்காது, பிஸ்டன் அலுமினியம் உருகி அது மேல அப்பியிருக்கும். பஞ்சு குச்சியில காஸ்டிக் சோடா கரைசல் தொட்டு அந்த அப்பினதுல மட்டும் வெச்சா நொரைச்சுக்கிட்டு கரையும், நொரை நின்னா தண்ணியில கழுவி ஆயில் தடவணும். கிளவுஸ், கண்ணாடி போட்டுக்கிட்டு வெளியில ஒக்காந்து செய்யுங்க. சிலிண்டர்ல வேற எங்கயும் அது படவே கூடாது, அலுமினியத்த அரிச்சிடும். நெறைய பழைய மெஷின் பாடி மக்னீசியம். மேல பூத்திருக்கிற வெள்ளைப் பொடி நம்ம மிஸ்ட்டு பண்ற வேலைதான், பிரஷ் போட்டுத் தேச்சு பெயின்ட் அடிங்க. ஒட்டிப்போன கசடுக்கு நம்ம நீலகிரித் தைலம் தொட்டுத் தேச்சுப் பாருங்க, வெளியூர்ல இதுக்கு டப்பா டப்பாவா கெமிக்கல் வாங்குறாங்க.

எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமையானா பழைய ரம்பத்த எடுத்து ஓட்ட ஆரம்பிச்சிடறார். சாயங்காலம் டம்ளர் பிடிக்கக்கூட விரல் மரத்துப்போகுதுங்கறார். பயமா இருக்கு அண்ணா. – குன்னூர் வாசகி

பயப்பட வேண்டிய விஷயம்தான்மா. அந்தக் கால மெஷின்ல கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவுல ரப்பர் கெடையாது, அதிர்வு அப்படியே எலும்புக்குப் போகும். குளிர்ல விரல் நுனி வெளுக்குதான்னு பாருங்க, வெளுத்தா மெஷினை வெச்சுட்டு டாக்டரப் பாக்கச் சொல்லுங்க, வருஷக்கணக்குல விட்டா திரும்பாது. நான் அஞ்சு நிமிஷம் ஓட்டுனா பத்து நிமிஷம் டீ குடிப்பேன்.

இன்னொண்ணு, செயின் பிரேக்குங்கறது 1970-கள்ல வந்தது. அதுக்கு முந்தின மெஷின்ல பார், அதான் செயின் சுத்தி ஓடுற தகடு, அதோட மூக்குல மேல்பக்கம் எதுலயாவது பட்டா மூஞ்சிக்கு நேரா எகிறும், நிறுத்த எதுவும் இல்ல. ஹெல்மெட், காதுக்கு மஃப், காலுக்கு செயின் தடுக்குற பேன்ட், கீழ படுத்திருக்கிற கட்டைய மட்டும் அறுக்கணும், ஏணி மேல ஏறவே கூடாது. அண்ணன் சொன்னேன்னு சொல்லுங்க.

செயின் அறுத்தா மரம் தூளாக் கொட்டுது, துண்டா வரல. ட்ரையல் பாக்க வீட்டுக்குப் பின்னாடி நிக்கிற சீகை (வாட்டில்) மரத்த வெட்டலாமா? – கோத்தகிரி பக்கத்துலருந்து இன்னொருத்தர்

தூள் வந்தா பல்லு மழுங்கிடுச்சு. இந்தப் பல்லு வந்த கதை நல்லாருக்கும். அமெரிக்காவுல ஒரேகான்ல ஜோ காக்ஸ்னு ஒருத்தர், மரத்தத் தின்னுற வண்டுப்புழு தாடையை இடமும் வலமும் மாத்தி மாத்திக் கடிக்கிறதப் பாத்துட்டு, 1947-ல அதே மாதிரி செயின் பண்ணார். அதான் இன்னிக்கு வரைக்கும் ஓடுது. உங்க செயின் .404 இன்ச் பிட்ச்னா (பிட்ச்ங்கறது கண்ணி இடைவெளி அளவு) 5.5 மி.மீ. உருண்டை அரம், ஒரே பக்கமா தள்ளித் தீட்டுங்க, இடப்பல்லுக்கு மூணு இழுப்புன்னா வலப்பல்லுக்கும் மூணு. கூடக்கொறைய ஆனா ரம்பம் கோணலாப் போகும். பாருக்கு ஆயில் கட்டைவிரல் பட்டன்ல அமுக்குற மாடலா இருந்தா அறுக்கும்போது அமுக்கிக்கிட்டே இருங்க, வண்டியில எடுத்த கழிவு ஆயில ஊத்தாதீங்க, அதுல இரும்புத்தூள் இருக்கு, தோலுக்கும் ஆகாது.

மரம் விஷயத்துல அவசரப்படாதீங்க. 1955-லருந்தே மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, சொந்த நெலத்து மரமானாலும் கலெக்டர் தலைமையில இருக்கிற கமிட்டி பர்மிஷன் இல்லாம வெட்டக்கூடாது. சீகை வெளிநாட்டு மரம்தானேனு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க, ஃபாரஸ்ட் ஆபீஸ்ல போய்க் கேளுங்க. ஓட்டிப் பாக்கத்தானே, வெறகுக்கடையில ரசீதோட ரெண்டு கட்டை வாங்கிப் போடுங்க. வாங்கும்போது ஈரக்கட்டையாப் பாத்து வாங்குங்க, காஞ்ச கற்பூர (யூகலிப்டஸ்) மரத்துல வெச்சீங்கன்னா சாயங்காலமே மறுபடி அரத்தத் தேடணும்.